முரண்டு பிடிக்கும் போல்ட்: இறுகியது எதனால்?

வேப்பூர் கூட்டுரோட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து மேற்கே போகும் சாலையும் சந்திக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வரும் குட்டி யானைகள், தென் மாவட்டங்களுக்குப் பறக்கும் கார்கள், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. இப்படிப்பட்ட சாலையோர ஊர்களில் பஞ்சர் கடைக்குக் குறைவிருக்காது. கம்பிரசர் ஓடும். காற்றுத் துப்பாக்கி ஓரிரு வினாடி அலறினால் நட்டு கழன்று கையில் விழும். திரும்ப மாட்டும்போதும் அதே துப்பாக்கிதான், அதே அலறல்தான். சில மாதம் கழித்து வீட்டு வாசலில் டயர் பஞ்சராகும்போதுதான் அந்த அலறலின் விலை தெரியும். டிக்கியில் இருக்கும் வீல் ஸ்பானரை மாட்டி, கையால் அழுத்தி, காலால் மிதித்து, கடைசியில் அதன்மேல் ஏறி நின்றாலும் நட்டு அசையாது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். சிறிய கார்களின் வீல் நட்டை ஏறத்தாழ 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் போதும். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 100 நியூட்டன் மீட்டர் வரவேண்டுமானால் 40 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக அழுத்த வேண்டும். வளர்ந்த ஆள் எவருக்கும் இது முடியும். ஆனால் காற்றுத் துப்பாக்கிகளில் 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டுபவை உண்டு. அந்த விசையில் இறுகிய நட்டைக் கால் மீட்டர் ஸ்பானரால் கழற்ற 200 கிலோ எடை வேண்டும்.

வீட்டிலேயே காரைப் பராமரிக்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் தடை என்ஜின் அறிவு இல்லை. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, பேட்டரியைக் கழற்றி மாட்டுவது எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய வேலைகள். அரை மணி நேர வேலையை அரை நாள் வேலையாக்குவது கழல மறுக்கும் ஒரே ஒரு போல்ட். அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பலத்துக்குப் போய்விடுகிறார்கள். அது எதனால் இறுகியது என்று பார்ப்பதே முதல் வேலை. துருவால் இறுகியதற்கு ஒரு வைத்தியம். அளவு மீறி முறுக்கியதற்கு வேறொன்று. பசையால் பிடித்ததற்கு இன்னொன்று. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குச் செய்தால் போல்ட் கழலாது, உடையும்.

போல்ட் என்பது விறைப்பான ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவுக்கு நீள்கிறது. மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, போல்ட் தலைக்கு அடியில் உள்ள உராய்விலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்கு இடையிலான உராய்வுக்கு. மிச்சமிருக்கும் பத்து சதவீதம்தான் இழுவிசையாக மாறுகிறது. பத்தில் ஒன்பது பங்கு உராய்வு என்பதால்தான், உராய்வைக் கொஞ்சம் மாற்றும் எதுவும், அது துருவோ எண்ணெயோ மண்ணோ, கழற்றும் வேலையைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது.

துரு வேலை செய்யும் விதம் இன்னும் மோசம். துருவாக மாறிய இரும்பு, பழைய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு ஊதிப் பெருத்து ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடுகிறது. கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் காருக்கு இது விரைவில் நேரும். உள்ளே தள்ளியிருக்கும் வேப்பூர், விருத்தாசலம் வட்டாரத்தில் காற்று அவ்வளவு கொடியதில்லை. ஆனால் இங்கும் வெள்ளம் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி, விழுப்புரத்தை அடுத்த அரசூர் அருகே இதே சென்னை–திருச்சி சாலையில் போக்குவரத்து நின்றது. அப்படிச் சேற்று நீரில் நின்ற வண்டியின் அடிப்பாக போல்ட்டுகளை மறுநாளே யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அடுத்த சர்வீஸின்போதுதான் பிரச்சினை வெளியே தெரியும்.

துரு இல்லாமலும் போல்ட் பிடிக்கும். சைலன்சர் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள ஸ்டட்டுகள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒருமுறை பழுக்கச் சூடாகி ஆறுகின்றன; சில ஆண்டுகளில் நட்டும் ஸ்டட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. அலுமினியத்தில் இறங்கிய எஃகு போல்ட்டில், ஈரம் பட்டவுடன் இரண்டு உலோகங்களும் ஒரு சிறு பேட்டரியாகி அலுமினியத்தை அரிக்கும். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அதுதான் அடையாளம். சில போல்ட்டுகளில் தொழிற்சாலையிலேயே பசை தடவியிருப்பார்கள். நீல நிறப் பசை சாதாரண ஸ்பானருக்கு வழிவிடும். சிவப்புப் பசை ஏறத்தாழ 250 டிகிரி சூடு படாமல் இளகாது. அதற்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் வீண். பேட்டரி டெர்மினல் நட்டு வேறு வகை: பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் அந்த உப்புக்கு, சோடா உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீர் போதும். கழற்றும்போது முதலில் மைனஸ் பக்கம்.

காரணம் பிடிபட்ட பிறகு அடுத்தது ஸ்பானர். இங்கே செய்யும் தவறுதான் அதிகம் செலவு வைக்கிறது. அம்பாசடர் காலத்தில் இன்ச் அளவு ஸ்பானர் செட் ஒன்று தேவைப்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு மெல்ல மெல்ல எல்லாமே மில்லிமீட்டருக்கு மாறின. இன்றைக்கு 8, 10, 12, 13, 14, 17, 19, 21 இருந்தால் பெரும்பாலான கார் வேலைகள் முடிந்துவிடும். ஆனால் பழைய வண்டிகளிலும் டிராக்டர்களிலும் இன்ச் போல்ட் இன்னும் இருக்கிறது. அரை இன்ச் தலை என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பானர் மாட்டும், கொஞ்சம் ஆடும். இறுகிய போல்ட்டில் பலம் கொடுத்தால் அந்த 0.3 மி.மீ. போதும், ஆறு மூலையும் மழுங்கித் தலை உருண்டையாகிவிடும்.

ஆகவே திறந்த வாய் ஸ்பானர், ஸ்க்ரூ ஸ்பானர் இரண்டையும் முதல் அசைவுக்குத் தொடவே கூடாது. பன்னிரண்டு முனை ரிங்கைவிட ஆறு முனை சாக்கெட் நல்லது. அது மூலையைப் பிடிக்காமல் பக்கத்தைப் பிடிக்கிறது. தலையில் இருக்கும் மண்ணையும் பெயின்ட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, சாக்கெட் அடி வரை இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ராட்செட் கைப்பிடி சுற்றுவதற்கு உரியது, உடைப்பதற்கு அல்ல. அதன் பல் போய்விடும். இறுகியதை அசைக்க நீளமான தனி ராடு வேண்டும். 60 செ.மீ. ராடு இருந்தால் முன்னே சொன்ன 100 நியூட்டன் மீட்டருக்கு 17 கிலோ விசை போதும். ஸ்பானர் வாலில் தண்ணீர்க் குழாயைச் செருகி இழுக்கிற வழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. வீல் நட்டுக்கு அது சரி. 6 மி.மீ. போல்ட்டுக்கு அது கொலை: அதற்கு உரிய முறுக்கே 10 நியூட்டன் மீட்டர்தான்.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடப்பக்கம் சுற்றினால் கழலும் என்பது போல்ட் தலையை நேராகப் பார்க்கும்போதுதான். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டைப் பின்பக்கமாகத் திருகும்போது அனுபவசாலிக்கே குழம்பும். இறுக்குகிற திசையில் பலம் போட்டு உடைந்த ஆயில் பிளக்குகள் ஏராளம். எதிர்த்திசையில் கழலும் இடது மரையும் உலகில் உண்டு: சைக்கிளின் இடது பெடல், கேஸ் வெல்டிங் பட்டறையின் அசிட்டிலின் சிலிண்டர்.

எண்ணெய்க்கு வருவோம். நம் ஊர்ப் பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும்தான் பரம்பரை மருந்து. இரண்டும் மெலிதானவை, இடுக்கில் ஊறக்கூடியவை, மோசமில்லை. இப்போது எல்லா ஹார்டுவேர் கடையிலும் நீலமும் மஞ்சளுமான டபிள்யூ.டி.-40 டப்பா இருக்கிறது. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோல் துருப்பிடிக்காமல் காக்கச் செய்த கலவை அது. நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதால் அந்தப் பெயர். அதாவது பிறப்பிலேயே அது நீரை விரட்டும் மருந்து. துருவுக்குள் ஊறி இறங்குவதற்கென்றே தனியாகச் செய்த எண்ணெய்கள் இறுகிய போல்ட்டில் அதைவிட நன்றாக வேலை செய்யும். கியர் ஆயிலையும் அசிட்டோனையும் கலந்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அந்தக் கலவை எளிதில் தீப்பிடிக்கும், பெயின்ட்டைக் கரைக்கும். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல.

எந்த எண்ணெயாக இருந்தாலும் அதைவிடப் பெரிய மருந்து நேரம்தான். தெளித்தவுடன் ஸ்பானரை மாட்டினால், எண்ணெய் இன்னும் முதல் மரையைக்கூடத் தாண்டியிருக்காது. இரவு படுக்கப் போகுமுன் தெளித்து, காலையில் இன்னொரு முறை தெளித்து, பிறகு தொடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை செய்யப்போகும் வேலைக்கு வெள்ளிக்கிழமையே எண்ணெய் விட்டு வைப்பவருக்குப் பாதிக் கஷ்டம் இல்லை. நடுவில் சுத்தியலால் போல்ட் தலையில் நேராக, அளவாக நாலு தட்டு. அந்த அதிர்வில் துருவின் பிடியில் விரிசல் விழும்; எண்ணெய் அந்த விரிசல் வழியாக இறங்கும்.

விண்வெளியில்கூட இதே பாடம்தான். 2012 ஆகஸ்ட் 30 அன்று சுனிதா வில்லியம்ஸும் ஜப்பானின் அகிஹிகோ ஹோஷிடேயும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே மின்சாரம் பிரிக்கும் பெட்டி ஒன்றை மாற்றப் போனார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் போராடியும் போல்ட் மரையில் ஏறவில்லை. மரைக்குள் உலோகத் துகள்கள். கட்டுப்பாட்டு மையம் இன்னும் பலமான கருவியைத் தேடவில்லை. நிலையத்துக்குள் இருந்த பொருட்களை வைத்தே, ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷைக் கம்பில் கட்டியும், மின்கம்பி இழைகளைப் பிரித்து இன்னொரு பிரஷ்ஷாக்கியும் கருவிகள் செய்யச் சொன்னது. செப்டம்பர் 5-ம் தேதி இருவரும் மறுபடி வெளியே போய், மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, போல்ட்டை ஏற்றினார்கள். கார் வேலைக்கு ஒரு பழைய டூத் பிரஷ்ஷை டூல் பாக்ஸில் போட்டு வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

ஊறவைத்த போல்ட்டைக் கழற்றுவதிலும் முறை இருக்கிறது. முதலில் இறுக்கும் திசையில் லேசாக ஒரு முறுக்கு. துருவின் பிடி எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதான். பிறகு கழற்றும் திசையில், குலுக்காமல், ராடைத் தன்பக்கம் இழுத்தபடி சீராக விசையைக் கூட்ட வேண்டும். தள்ளினால் திடீரென்று கழலும்போது முட்டி போய் எதிலாவது மோதும். 'டக்' என்று கூர்மையாக ஒரு சத்தம் வந்தால் நல்ல செய்தி. சத்தமே இல்லாமல், மெழுகைத் திருகுவதுபோல் மெத்தென்று நகர்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். போல்ட் கழலவில்லை, கழுத்து முறுகிக்கொண்டிருக்கிறது. அசைந்த பிறகும் ஒரேயடியாகச் சுற்றக் கூடாது. கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, இரண்டு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று வெளியே. கிரீச்சிடும் சத்தம் ஓயும் வரை இப்படியே. வீல் நட்டாக இருந்தால் இந்தப் போராட்டம் முழுவதும் டயர் தரையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் காரைப் பலமாக இழுப்பது உயிரோடு விளையாடுவது.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். நெய்வேலிச் சுரங்கப் பக்கத்துக் களிமண், செராமிக் தொழிற்பேட்டை, டிப்ளமோ சொல்லிக்கொடுக்கும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி என்று அந்தத் தொழில் வட்டாரத்தில் வேரோடியிருக்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்கிற கைகளுக்குத் தெரியும்: சுட்ட பீங்கான் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், பக்கவாட்டில் வளைத்தால் நொடியில் தெறிக்கும். பெட்ரோல் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பாடம் அது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதி அலுமினா என்கிற பீங்கான். அது இருக்கும் கூடு எஃகு. அது இறங்கியிருக்கும் மரையோ அலுமினியம். மூன்று பொருள், மூன்று குணம். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும்.

பிளக் இறுகியிருக்கும்போது சாக்கெட்டைச் சாய்த்து இழுத்தால் முதலில் உடைவது பீங்கான். மயிரிழை விரிசலாக உள்ளேயே நின்றுவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. வண்டி மட்டும் விட்டு விட்டு இழுக்கும். அதைவிட மோசம், அலுமினிய மரையை உரித்துக்கொண்டு பிளக் வெளியே வருவது. சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியதாகிவிடும். என்ஜின் முழுதும் ஆறிய பிறகு, குழிக்குள் இருக்கும் மண்ணை ஊதி எடுத்துவிட்டு, நீளமான பிளக் சாக்கெட்டை நேர்க்கோட்டில் வைத்து, அரைச் சுற்று விட்டதும் அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருப்பதே பாதுகாப்பான வழி. திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகள் விரலால்தான். ஸ்பானருக்கு மரை தப்பாக ஏறுவது தெரியாது, விரலுக்குத் தெரியும்.

எண்ணெய்க்கு அசையாததற்குச் சூடு. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 12 மி.மீ. துளையுள்ள நட்டை மட்டும் 200 டிகிரி சூடாக்கினால் துளை 0.03 மி.மீ. அளவுக்குப் பெரிதாகும். பார்வைக்கு ஒன்றுமில்லை. மரைக்கு அது பெரிய விடுதலை. சூட்டை நட்டுக்கோ, போல்ட் இறங்கியிருக்கும் பாகத்துக்கோ காட்ட வேண்டும். போல்ட்டையே சூடாக்கினால் அது உப்பி இன்னும் இறுகும். ஆனால் வீட்டில் தீயைத் தொடுவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்ப்பது கட்டாயம். பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் ஹோஸ், சி.என்.ஜி. சிலிண்டர், கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பர் எதன் அருகிலும் கூடாது. டயர் மாட்டியிருக்கும் வீலின் நட்டைச் சூடாக்கினால் டயருக்குள் ரப்பர் வெந்து வாயு பெருகி, சற்று நேரம் கழித்துக்கூட டயர் வெடிக்கலாம். இதில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் தீ பட்டால் ஃபாஸ்ஜீன் என்கிற நச்சு வாயு உண்டாகும். டப்பாவில் இருக்கும் எச்சரிக்கையைப் படிக்காமல் எதையும் தெளித்துவிட்டுத் தீ காட்டக் கூடாது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரிக்கும் கடைகளில் இறுகாத போல்ட்டைப் பார்ப்பதுதான் அரிது. அங்கே கையாளும் முறை நேரடியானது: உளி, சம்மட்டி, கேஸ் கட்டர். அவர்களுக்கு வேண்டியது பாகம். போல்ட் போனால் போகட்டும். எந்தப் பக்கம் வெட்டினால் கியர் பாக்ஸின் காது தப்பும் என்பது அவர்கள் கைக்கு மனப்பாடம். அந்தத் திறமை மரியாதைக்குரியது. ஆனால் வீட்டில் வேலை செய்பவர் கழற்றியதைத் திரும்ப மாட்டி, மறுநாள் குடும்பத்தோடு அதில் ஏறிப் போக வேண்டியவர். அவருக்கு உளி கடைசி ஆயுதம். அதுவும் எளிதில் கிடைக்கும் நட்டில் மட்டும்.

சில இடங்களைத் தொடாமல் விடுவதே விவேகம். பிரேக்கில் காற்று எடுக்கும் நிப்பிள் உள்ளே ஓட்டையுள்ள சின்னத் திருகு; முறிந்தால் காலிப்பரே போய்விடும். பிரேக் குழாய் நட்டுக்கு அதற்கென்று உள்ள ஃபிளேர் ஸ்பானர் இல்லாமல் கை வைத்தால் குழாயும் சேர்ந்து முறுகும். கருவி இல்லையென்றால் நிறுத்திவிடுவதில் வெட்கமில்லை. பென்னு என்ற சிறுகோளின் மண்ணை எடுத்துவந்த ஓசைரிஸ்-ரெக்ஸ் பெட்டி 2023 செப்டம்பர் 24 அன்று பூமிக்கு வந்தது. அதன் 35 திருகுகளில் இரண்டு கழலவில்லை. மாசு படாமல் அதைத் திறக்க வைத்திருந்த கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோக அனுமதித்த எந்தக் கருவியாலும் முடியவில்லை. நாசா விஞ்ஞானிகள் எண்ணெயும் விடவில்லை, உடைக்கவும் இல்லை. புதிய கருவிகளை வடிவமைத்து, ஒத்திகை பார்த்து, 2024 ஜனவரியில்தான் அந்த இரண்டையும் கழற்றினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பொறுத்ததில், முன்பே எடுத்ததையும் சேர்த்து மொத்தம் 121.6 கிராம் மண் மாசுபடாமல் கிடைத்தது.

அடுத்த முறை இறுகாமல் இருக்க என்ன செய்வது என்பதில்தான் அதிக அலட்சியம். மரையைக் கம்பி பிரஷ்ஷால் துலக்கி, சைலன்சர் ஸ்டட் போன்ற சூடான இடங்களில் செம்பு கலந்த கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். ஆனால் உராய்வு குறைந்தால் அதே முறுக்குக்கு இழுவிசை எகிறும் என்பதை மறக்கக் கூடாது. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் எண்ணெய் படாத மரைக்கு உரியது; வீல் நட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லாமல் கிரீஸ் தடவவே வேண்டாம். ஒரு டார்க் ரிஞ்ச் வாங்கிவைப்பது வீட்டுப் பட்டறைக்கு நல்ல முதலீடு. பஞ்சர் கடையில் டயர் மாற்றிய அன்றே வீட்டுக்கு வந்து நட்டுகளைத் தளர்த்தி உரிய அளவில் மறுபடி இறுக்கிவிட்டால், நடு ராத்திரியில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஸ்பானர்மேல் ஏறி நிற்க வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் ஸ்டட் முறிந்துவிட்டால்? மேலே துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்: வெல்டிங் பட்டறையில் அதன்மேல் புது நட்டு ஒன்றை வைத்து உள்ளே பற்றவைப்பார்கள். வெல்டிங் சூடே துருவையும் இளக்கிவிடுவதால், சிவப்பு தணிந்ததும் ஸ்பானர் போட்டால் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு வரும். பற்றவைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்ல வேண்டும். மட்டமாக முறிந்திருந்தால் துளை போட்டு, முறிந்த துண்டைப் பிடித்துத் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டை இறக்க வேண்டும். இங்கே அவசரப்படுகிறவர்கள் ஈஸி அவுட்டையும் உள்ளேயே உடைத்துவிடுகிறார்கள். அது டிரில் பிட்டுக்கு மசியாத கடின எஃகு. சென்டர் பஞ்ச் சரியாக நடுவில் விழாவிட்டால் துளை சாய்ந்து அலுமினியத்துக்குள் போய்விடும். இந்தக் கட்டத்தில் பாகத்தைக் கழற்றி லேத்துப் பட்டறைக்கு எடுத்துப்போவதே மேல். மரை போயிருந்தாலும் அங்கே துளையைப் பெரிதாக்கி, எஃகுச் சுருள் மரை ஒன்றை உள்ளே இறக்கித் தருவார்கள். அது பழைய அலுமினிய மரையைவிடத் தேய்மானத்தைத் தாங்கும்.

புது போல்ட் வாங்கும்போது தலையைப் பார்த்து வாங்க வேண்டும். 8.8 என்று பொறித்திருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கி, அதில் 80 சதவீதத்தில் வளையத் தொடங்கும் எஃகு என்று பொருள்; 10.9, 12.9 அதற்கும் மேல். சென்னை பாடியில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் போன்ற ஆலைகள் கார் கம்பெனிகளுக்கென்று செய்யும் போல்ட்டுகளில் இந்த எண்ணும் தயாரிப்பாளர் முத்திரையும் இருக்கும். ஹார்டுவேர் கடையில் எடை போட்டுத் தரும், தலையில் எதுவும் பொறிக்காத போல்ட் கேட் மாட்டவும் தகரம் அடிக்கவும் போதுமானது. பிரேக், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் இருந்த இடத்தில் அதைப் போடக் கூடாது. முறிந்த துண்டையே கடைக்கு எடுத்துப்போய், மரையின் நெருக்கத்தையும் நீளத்தையும் தலையில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.